மழை நாளும் சம்பள நாளும்

மாதந்தோறும் ஒரே அளவில் வருவாய் பெறும் அலுவலகப் பணியாளர்க்கு வரவு செலவுத் திட்டம் வகுப்பது எளிது. வரவு இன்னதென்று அவர் முன்கூட்டியே அறிவார். செலவை அதற்குள் அடக்கினால் போதும். பால்மரம் சீவும் தொழிலாளியின் நிலை அத்தகையதன்று. விடியுமுன் பெய்யும் மழை அன்றைய வேலையைக் கெடுத்துவிடுகிறது. பட்டை ஈரமாக இருக்கும்போது சீவினால், பால் மங்கில் சேராமல் மரத்தில் வழிந்து வீணாகும். ஆண்டின் தொடக்கத்தில் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்விடும் வாரங்களில் பாலின் அளவு குறைகிறது. உலகச் சந்தையில் ரப்பர் விலை ஏறி இறங்குவதும் இவற்றோடு சேர்ந்துகொள்கிறது. இத்தகைய வருவாயில் குடும்பம் நடத்துவோர்க்கு, வருவாயில் பத்தில் ஒரு பங்கைச் சேமியுங்கள் என்னும் பொது அறிவுரை அவ்வளவாகப் பயன்படுவதில்லை. எந்த மாத வருவாயில் பத்தில் ஒரு பங்கு என்னும் கேள்வி அங்கே எழுகிறது.

சட்டம் ஓர் அடித்தளத்தை அமைத்துள்ளது என்பது உண்மையே. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஐவருக்கும் குறைவான தொழிலாளரைக் கொண்ட முதலாளிகளுக்கு அது அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள் பொருந்தியது. செய்த வேலையின் அளவுக்கேற்பச் சம்பளம் பெறுவோர்க்கும் இவ்வரம்பு உண்டு. ஆயினும் வேலைக்குச் செல்லாத நாள்கள், பிடித்தங்கள், கூடுதல் பாலுக்கான ஊக்கத்தொகை, ஒட்டுப்பால் வருவாய் ஆகியவற்றால் கைக்கு வரும் பணம் மாதத்திற்கு மாதம் மாறுபடுகிறது. சிறுதோட்டக்காரரிடம் பங்குக்குச் சீவுபவர்க்கோ அந்த அடித்தளமும் இல்லை.

ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பிடித்தம் போகக் கைக்கு வந்த பணம் ஜனவரியில் 2,000 வெள்ளி, பிப்ரவரியில் 1,620, மார்ச்சில் 1,480, ஏப்ரலில் 1,750, மே மாதத்தில் 1,900, ஜூனில் 2,050. ஆறு மாதங்களில் மொத்தம் 10,800 வெள்ளி. சராசரி பார்த்தால் மாதம் 1,800. ஆகவே மாதம் 1,800 வெள்ளி செலவு செய்யலாம் என்று குடும்பத்தலைவர் முடிவு செய்கிறார். கணக்கில் தவறில்லை. ஆனால் பணம் வரும் வரிசையை அவர் பார்க்கவில்லை. ஜனவரியில் 200 வெள்ளி மிஞ்சுகிறது. அது அப்படியே பெட்டியில் இருந்ததாகவே வைத்துக்கொள்வோம் (பெரும்பாலும் இருப்பதில்லை). பிப்ரவரியில் 180 வெள்ளி குறைகிறது, மார்ச்சில் 320, ஏப்ரலில் 50. ஏப்ரல் முடிவில் அக்குடும்பம் 350 வெள்ளி கடனில் நிற்கிறது. மே, ஜூன் மாதங்களில் மிஞ்சும் பணம் முழுவதும் அக்கடனுக்கே போய்விடும். அதுவும் வட்டியில்லாக் கடனாக இருந்தால்தான் போதுமானதாகும்.

அதே குடும்பம் மாதச் செலவை 1,620 வெள்ளிக்குள் நிறுத்தியிருந்தால் என்னவாகும்? ஜனவரியில் 380 வெள்ளி எடுத்து வைக்கலாம். மார்ச்சில் மட்டும் அதிலிருந்து 140 வெள்ளி எடுக்க நேரும். ஒரு நாளும் கடன் இல்லை. ஜூன் முடிவில் கையிருப்பு 1,080 வெள்ளி. எனவே நாம் கூற விரும்புவது இதுதான்: மாறும் வருவாயுள்ள குடும்பம் சராசரியைப் பார்த்துச் செலவைத் திட்டமிடலாகாது, மெலிந்த மாதங்களைப் பார்த்தே திட்டமிட வேண்டும். நல்ல மாதத்தில் மிஞ்சுவது மிச்சப்பணமன்று. வரப்போகும் மழைக்காலத்தின் சம்பளம் முன்னதாகவே வந்து சேர்ந்திருக்கிறது.

மாதம் 180 வெள்ளியைக் குறைப்பது எளிதன்று என்பதை நாம் மறுக்கவில்லை. அரிசி, பால்மாவு, பிள்ளைகளின் பேருந்துக் கட்டணம் ஆகியவற்றில் கைவைக்க இயலாது. ஆகவே செலவு எங்கே கசிகிறது என்பதை முதலில் காண வேண்டும். அதற்கு அட்டையில் 555 என்று அச்சிட்ட சிறு குறிப்பேடு ஒன்று போதும். அக்குறிப்பேட்டை நம் மக்கள் நன்கு அறிவர். மளிகைக்கடையில் நம் பற்று எழுதப்பட்டதும் அதில்தான். கடைக்காரர் எழுதி வைத்த காலம் போய், இனி நாமே எழுதுவோம். ஒரு மாதம் முழுவதும் வாங்கிய பொருளையும் கொடுத்த காசையும் ஒவ்வொரு நாளும் வீட்டில் இல்லத்தரசி எழுதட்டும். கணவரும் தம் கைச்செலவை மறைக்காமல் சொல்லட்டும்.

கசிவைப் பற்றிய கவலை புதிதன்று. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் நாள் சம்பளத்தை 50 காசிலிருந்து 60 காசாக உயர்த்தக் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். அப்போராட்டத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. கூடுதல் 10 காசு கையில் தங்க வேண்டுமானால் அது போகும் வழியையும் அடைக்க வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் என்றே நாம் கருதுகிறோம்.

இனித் தீபாவளிக்கு வருவோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை மிகுதியாகப் பெய்யும் மாதங்களுள் அக்டோபரும் நவம்பரும் அடங்கும். தீபாவளி வருவதும் அப்போதுதான். சீவும் நாள்கள் குறையும் வேளையில் செலவு உச்சத்தை அடைகிறது. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிரிக்பீல்ட்சிலும் கடைகள் விளக்குகளால் ஒளிரும்போது, குடும்பத்தலைவர் முன்பணத்திற்கோ கடனுக்கோ அலைகிறார். தீபாவளி எதிர்பாராமல் வரும் செலவன்று. அதன் நாள் நாட்காட்டியிலேயே இருக்கிறது. துணிமணிக்கும் பலகாரத்திற்கும் 600 வெள்ளி வேண்டுமெனில், மாதம் 50 வெள்ளியாக ஓராண்டு ஒதுக்க வேண்டும். பள்ளி திறக்கும் காலத்துச் செலவுக்கும் தைப்பூசத்துக்கும் இதே முறை பொருந்தும்.

ஒதுக்காதவர் கடன் வாங்குகிறார். முன் கண்ட 350 வெள்ளியை, நூற்றுக்கு மாதம் 10 வெள்ளி வட்டி கேட்கும் ஒருவரிடம் வாங்கினால் மாத வட்டி மட்டும் 35 வெள்ளி. ஈடில்லாக் கடனுக்கு உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் சட்டப்படி வாங்கக்கூடிய உச்ச வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு. அதே கடனுக்கு மாதம் 5 வெள்ளி 25 காசுதான் வரும். உரிமம் பெற்றவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் படி ஒன்றை நமக்குத் தர வேண்டும். தர மறுப்பவரிடமிருந்து விலகி வருவதே நலம். தோட்டங்களில் நடந்துவரும் கூட்டுப் பணமும் கவனத்திற்குரியது. 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் அதை நடத்துவதைக் குற்றமாக்கியுள்ளது. முதல் ஏலம் எடுத்தவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் மற்றவர் முறையிடுவதும் கடினம்.

சிறு தொகையால் என்ன ஆகும் என்று சோர்வோர் நம் வரலாற்றையே பார்க்கலாம். நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டிப் பெருந்தோட்டங்கள் பல விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டன. தொழிலாளர் வேலையையும் குடியிருப்பையும் ஒருங்கே இழந்தனர். துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டந்தோறும் சென்று தொழிலாளரிடமிருந்து சிறுகச் சிறுகப் பங்குப்பணம் திரட்டினார். அப்பணத்தைக் கொண்டு சங்கம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. அன்று பங்கு செலுத்தியவர்கள் பெற்றதும் மழைக்கும் விலைக்கும் கட்டுப்பட்ட சம்பளந்தான். பிரிக்பீல்ட்சில் நாம் பொருள் வாங்க நடக்கும் பெருஞ்சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எடுத்து வைக்கும் பணம் வீட்டில் இருத்தல் ஆகாது. கைக்கெட்டும் பணம் கரைந்துவிடும். பழைய அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் பணியை 1974 டிசம்பரில் ஏற்ற பேங்க் சிம்பானான் நேஷனல் போன்றதொரு வங்கியில், சம்பளக் கணக்கினின்று வேறான ஒரு கணக்கைத் தொடங்குவோம். சம்பளம் வந்த அன்றே, கடைக்குச் செல்லுமுன், நல்ல மாதத்தின் மிகுதியை அதில் போடுவோம்.

ஊழியர் சேமநிதி இதனின்றும் வேறு. 1,700 வெள்ளிச் சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடாகிய 187 வெள்ளி. முதலாளியின் பங்கு 13 விழுக்காடாகிய 221 வெள்ளி. 2024ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் முதல் இச்சந்தாவில் பத்தில் ஒரு பங்கு நெகிழ்வுக் கணக்கில் சேர்கிறது. அதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்கலாம் என்பதற்காக மழைக்காலந்தோறும் எடுப்பதை நாம் ஏற்கவில்லை. அது முதுமைக்குரிய பணம். முதலாளியின்றிப் பங்குக்குச் சீவுபவரும், வீட்டில் தையல் தைத்தோ பலகாரம் விற்றோ பொருளீட்டும் பெண்களும் இ-சாரான் திட்டத்தின்வழித் தாமாகவே சேமநிதியில் பணம் செலுத்தலாம். 2025ஆம் ஆண்டு முதல் 60 வயதுக்குட்பட்டோர் செலுத்தும் தொகைக்கு அரசு 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, ஊக்கத்தொகை சேர்க்கிறது.

ஏற்கெனவே கடனில் இருப்பவர் சேமிப்பை எங்கே தொடங்குவது? முதலில் 100 வெள்ளி மட்டும் தனியே வைக்கட்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மீண்டும் வட்டிக்காரரிடம் ஓடாதிருக்க அது உதவும். அதன்பின் மிகுதி முழுவதையும் வட்டி மிகுந்த கடனுக்கே செலுத்த வேண்டும். அது தீர்ந்த பின்னரே வங்கிக் கணக்கைப் பெருக்குவது முறை.