பாக்டீரியா சோப்பும் வெள்ளிப் பாட்டிலும்

கேள்வி: நாலு ஏக்கர் கரிசலில் மானாவாரியாக மிளகாயும் உளுந்தும் போடுகிறேன். மிளகாயில் வருஷா வருஷம் பழ அழுகல் வருகிறது. போன வாரம் மருந்துக் கடையில் ஒரு பாட்டிலைக் காட்டி, "இது நானோ வெள்ளி. பாக்டீரியாவிலிருந்து எடுத்த சோப்பை வைத்து வெள்ளியைப் பொடியாக்கியது. கெமிக்கலே கிடையாது" என்றார்கள். பாக்டீரியா சோப்பு செய்யுமா? சோப்பு வெள்ளியைப் பொடியாக்குமா? நம்பி அடிக்கலாமா?
– ஒரு விவசாயி, நாகலாபுரம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு வேண்டாம் ஐயா. ஆனால் கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேப்பெண்ணெய் தெளிக்கும்போது காதி சோப்பைக் கரைத்து ஊற்றுகிறீர்கள். ஊற்றாவிட்டால் எண்ணெய் தண்ணீரின் மேலேயே மிதக்கும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறுமுனைக்கு எண்ணெய் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே நின்று அது சமாதானம் செய்து வைக்கிறது. இதே வேலையைச் செய்யும் பொருளைச் சில நுண்ணுயிர்களும் சுரக்கின்றன. எண்ணெய் படிந்த இடத்தில் வாழும் பாக்டீரியாவுக்கு அந்த எண்ணெய்தான் சாப்பாடு. அதைச் சிறு துளிகளாக உடைத்தால்தான் அதனால் சாப்பிட முடியும். அப்படி உடைக்க அது சுரக்கும் பொருள்தான் பயோசர்ஃபாக்டன்ட். ஆய்வு மாணவர்கள் மெக்கானிக் ஷெட் வாசலில் கருத்துக் கிடக்கும் மண்ணை டப்பாவில் அள்ளிப் போவது இந்தப் பாக்டீரியாவைத் தேடித்தான்.

இந்த நுண்ணுயிர்ச் சோப்புகளில் பேர் பெற்றவை மூன்று. சூடோமோனாஸ் ஏருஜினோசா தரும் ராம்னோலிப்பிட், பேசில்லஸ் சப்டிலிஸ் தரும் சர்ஃபாக்டின், ஒரு வகை ஈஸ்ட் தரும் சோஃபோரோலிப்பிட். சர்ஃபாக்டினை 1968இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். தண்ணீரின் பரப்பு இழுவிசை 72 அலகு என்றால், மிகக் கொஞ்சம் சர்ஃபாக்டினே அதை 27க்கு இறக்கிவிடும்.

அடுத்து வெள்ளி. 'பொடியாக்கியது' என்ற சொல்லிலேயே ஒரு பிழை இருக்கிறது. இங்கே யாரும் வெள்ளியை இடிப்பதோ அரைப்பதோ இல்லை. தண்ணீரில் கரைந்த வெள்ளி உப்பில் இருந்து அணு அணுவாகச் சேர்த்துத் துகளைக் கட்டுகிறார்கள். முதல் தேவை, கரைந்த வெள்ளியை மறுபடி உலோகமாக மாற்ற ஒரு ஒடுக்கி. அப்படியே விட்டால், மாறிய அணுக்கள் கூடும், கூடியவை மேலும் கூடும், கடைசியில் சாம்பல் நிற வண்டலாக அடியில் உட்கார்ந்துவிடும். சீடைக்கு மாவு உருட்டும்போது ஒன்றோடொன்று ஒட்டாமல் துணியில் பரப்பி வைப்பார்களே, அந்த மாதிரி துகள்களைப் பிரித்து வைப்பதுதான் சோப்பின் வேலை. ஒவ்வொரு துகளையும் சோப்பு மூலக்கூறுகள் சூழ்ந்துகொண்டு அடுத்ததை நெருங்க விடுவதில்லை. துகள் மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்கு அளவிலேயே நின்றுவிடும். அந்த அளவில் வெள்ளிக்கு வெள்ளி நிறம் கிடையாது, கரைசல் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும். தங்கமானால் சிவக்கும்.

தமிழ்நாட்டிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். கடற்பஞ்சு என்ற உயிரியோடு ஒட்டி வாழும் பிரெவிபாக்டீரியம் கேசி என்ற பாக்டீரியாவை எடுத்து, வேளாண் ஆலைக் கழிவுகளில் வளர்த்து, அது சுரந்த கிளைக்கோலிப்பிட் என்ற சோப்பு வகையைக் கொண்டு வெள்ளி நானோத்துகள் செய்ததாக ஜோசப் செல்வின் குழுவினர் 2010இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். செல்வின் அப்போது திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இருந்தார். எண்ணெய் போன்ற திரவத்துக்குள் நுண்ணிய நீர்த்துளிகளை உண்டாக்கி, அந்தத் துளிகளையே அச்சாக வைத்துக்கொண்டார்கள். துகள்கள் இரண்டு மாதம் கலையாமல் நின்றன. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் 2007இல் சோஃபோரோலிப்பிட்டைப் போர்த்தி கோபால்ட் துகள்களைத் தண்ணீரில் நிற்க வைத்தார்கள். இவையெல்லாம் நல்ல அறிவியல். கூலி வேலைக்காரர் மாதிரி பாக்டீரியாவை நடத்தாமல் அதன் கைத்திறனைக் கடன் வாங்குவது எனக்குப் பிடித்த விஷயமும்கூட.

ஆனால் 'கெமிக்கலே கிடையாது' என்பதைத்தான் ஏற்க முடியாது. இப்படிப்பட்ட பல ஆய்வுகளில் ஒடுக்கியாகச் சேர்ப்பது சோடியம் போரோஹைட்ரைடு. அது சுத்தமான ரசாயனம். நுண்ணுயிர்ச் சோப்பு துகளை நிலைப்படுத்த மட்டும் வருகிறது. சில சோப்புகள் சூட்டிலும் காரத்திலும் தாமே ஒடுக்கியாகவும் வேலை செய்யும், அப்போது கடைக்காரர் சொன்னது ஓரளவு பொருந்தும். எப்படிச் செய்தாலும் கடைசியில் உங்கள் நிலத்தில் விழுவது வெள்ளி. சோப்பு மட்கிவிடும், உலோகம் மட்காது.

செம்பும் உலோகம்தானே, காப்பர் ஆக்சிகுளோரைடு அடிக்கிறோமே என்று கேட்பீர்கள். நியாயம். 1885இல் பிரான்சில் போர்டோ கலவை வந்ததிலிருந்து செம்பைப் பயிருக்கு அடிக்கிறார்கள். அதனால் அளவு தெரியும்: காப்பர் ஆக்சிகுளோரைடு என்றால் லிட்டருக்கு 2.5 கிராம். எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும். வெள்ளிக்கு அப்படி வயல் அனுபவம் சேரவில்லை. பூஞ்சையைக் கொல்லும் வெள்ளி, மண்ணில் தழைச்சத்தை மாற்றித் தரும் பாக்டீரியாவையும் தாக்கும். அதே நிலத்தில் உளுந்தும் போடுகிறீர்கள். அதன் வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியத்துக்கு நாம் கடன்பட்டவர்கள்.

இன்னொரு சிக்கல், மருந்தைக் கலக்கும் தண்ணீர். உங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர்ப்பு. உப்புத் தண்ணீரில் இந்தத் துகள்கள் கலைந்து கூடிக் கட்டியாகிவிடும். கரைந்த வெள்ளி குளோரைடோடு சேர்ந்து வெள்ளை வண்டலாகும். ஆய்வகத்தில் இரண்டு மாதம் நின்றது, டேங்கில் ஊற்றிக் கலக்கியதும் வேலைக்கு ஆகாமல் போகலாம். காசு கொடுத்து வண்டலை வாங்கித் தெளித்த கதையாகிவிடும்.

பாக்டீரியாவின் உதவி வேண்டுமென்றால், உலோகமில்லாமலே கிடைக்கிறது. சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் பொடியை விதை கிலோவுக்கு 10 கிராம் கலப்பீர்களே, அதன் உறவுக்காரன்தான் ராம்னோலிப்பிட் தருகிற ஏருஜினோசா. ஏருஜினோசாவை மட்டும் வீட்டில் வளர்க்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள், தீக்காயத்தில் ஏறிப் புண்ணைச் சீழாக்கும் கிருமி அது. பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்கெட்டும் கடையில் உண்டு. பூஞ்சையின் சவ்வைக் குலைக்கும் சோப்பு வகைகளை அந்தப் பாக்டீரியா தானே சுரந்துகொள்கிறது.

பழ அழுகலுக்கு உடனே செய்ய வேண்டியது, அழுகின காய்களைப் பறித்து வயலுக்கு வெளியே அப்புறப்படுத்துவது. அவற்றிலிருந்து விதை எடுக்காதீர்கள், பழ அழுகலைத் தரும் பூஞ்சை விதையோடும் வரும். 1901இலிருந்து கரிசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் நாலு காய்களைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அந்தப் பாட்டிலைப் பொறுத்தவரை, 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மருந்து என்று விற்கும் எதற்கும் பதிவு எண் இருக்க வேண்டும். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். எண் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால், கையுறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடித் தம்ளர் கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் அடியில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.