துளைப்பொறியின் மின்தொகுதியைப் பேணல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை என்பது யாவரும் அறிந்ததே. மாரியிற் பெய்யும் மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுட் புகுந்து நிலத்தடியிலே தங்குகின்றது. அதுவே நமது குடிநீர். தோட்டங்களுக்குப் பாய்வதும் அதுவே. முன்னோர் அலவாங்கும் மண்வெட்டியுங் கொண்டு கிணறு வெட்டினர். இக்காலத்தில் லொறியின்மேற் பொருத்திய துளைப்பொறி கல்லைத் துளைத்துக் குழாய்க்கிணறு அமைக்கின்றது. அப்பொறியின் உயர்ந்த கோபுரத்தையும் சுழலுந் துளைக்கோலையும் ஊரே கூடிநின்று பார்க்கும். ஆனால், அதனைத் துயிலெழுப்பும் மின்தொகுதியைப் பார்ப்பார் மிகச் சிலரே.

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என வினவுவோர் உளராகலாம். அதற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலிற் கூறுவோம். சில ஆண்டுகளின் முன் ஒரு வைகாசி மாதத்தில், எமது ஊரிற் பொதுக்கிணறு வற்றியமையாற் குழாய்க்கிணறு அமைக்கத் துளைப்பொறி ஒன்று வந்தது. முதல்நாள் வேலை நன்கு நடந்தது. மறுநாட் காலையில் எஞ்சின் இயங்கவில்லை. பற்றரி பழுது என்றனர்; புதிய பற்றரிகள் இரண்டு வாங்கினர்; அப்பொழுதும் இயங்கவில்லை. ஸ்ராற்றர் மோட்டரைக் கழற்றினர். அதிலும் குறை காணப்படவில்லை. மூன்று நாள் கழிந்தன. குடங்களோடு வந்த பெண்கள் வெறுங்குடங்களோடு திரும்பினர்.

நான்காம் நாள் எம்மிடம் முன்னர்ப் படித்த ஒருவர், இப்பொழுது பொறிகளின் மின்வேலை செய்பவர், அழைத்து வரப்பட்டார். அவர் எதனையும் உடனே கழற்றவில்லை. சிறிய மானியொன்றினால் ஈரிடங்களைத் தொட்டுப் பார்த்தார். பின்னர் லொறியின் சட்டத்தோடு தடித்த வயர் சேருமிடத்திலிருந்த ஆணியைக் கழற்றினார். அங்கே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த பொடி இருந்தது. அதனைச் சுரண்டித் துடைத்து இறுக்கினார். எஞ்சின் உடனே இயங்கியது. “பற்றரியிலே பிழையில்லை, சேர், பிழை சேருமிடத்திலே” என்றார். அச்சொல்லே இக்கட்டுரையின் சாரமாகும்.

தொகுதியின் அமைப்பு

இத்தகைய பொறிகள் பெரும்பாலானவற்றில் 12 உவோற்றுப் பற்றரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு 24 உவோற்றுத் தரும். எஞ்சினை முதலிற் சுழற்றுவது ஸ்ராற்றர் மோட்டர். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் ஒல்ரனேற்றர் மின்னைப் பிறப்பித்துப் பற்றரியை மீள நிரப்பும். விளக்குகள், மானிகள், கட்டுப்பாட்டுப் பலகை, காவல் ஆளிகள் ஆகிய யாவும் இவ்விரண்டையுமே நம்பியுள்ளன.

இங்கு மாணவர் ஊன்றி அறியவேண்டியது ஒன்றுண்டு. மின்னோட்டம் பற்றரியின் ஒரு முனையிற் புறப்பட்டு மறுமுனைக்கு மீளல் வேண்டும். மீளும் வழியாக லொறியின் இரும்புச் சட்டமே பயன்படுகின்றது. தொழிலாளர் இதனை ‘ஏர்த்’ என்பர். பெயர் அவ்வாறாயினும் மண்ணோடு இதற்குத் தொடர்பில்லை. சட்டத்தோடு பற்றரியின் எதிர்முனையைச் சேர்க்கும் அவ்வொரு வயரின் இணைப்புக் கெடின், வழி முழுவதுங் கெடும்.

சிறு தடையும் பெரு நட்டமும்

ஜேர்மனியிற் பாடசாலை ஆசிரியராக இருந்த ஓம் என்பார் 1827-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியை விஞ்ஞான மாணவர் அறிவர். மின்னோட்டத்தைத் தடையாற் பெருக்க, அத்தடையில் இழக்கப்படும் உவோற்று வரும். பெரிய டீசல் எஞ்சினைச் சுழற்றும்போது 400 அம்பியர் ஓடுகின்றது எனக் கொள்வோம். துருப்பிடித்த இணைப்பின் தடை ஓர் ஓமின் நூறிலொரு பங்கு மாத்திரமே என்க. அங்கே இழக்கப்படுவது 4 உவோற்று. அன்றியும், அவ்விடத்தில் 1600 உவாற்று வெப்பம் பிறக்கும். இது தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தில் ஒன்றின் வெப்பத்துக்கு ஒப்பாகும். விளக்குக்கு ஓடும் சிறு மின்னோட்டத்தில் இதே தடை தெரியாது. ஆகவே, விளக்கு எரிகின்றது என்பதைக் கொண்டு இணைப்பு நன்று எனத் துணிதல் தவறு.

துளைப்பொறியில் இணைப்புகள் தளர்வதற்குக் காரணம் பல. துளைக்கும்போது எழும் அதிர்வு ஆணிகளைத் தளர்த்தும். கற்றூளும் சேற்றுநீரும் உட்புகும். பற்றரியிலிருந்து எழும் அமிலப்புகை உலோகத்தை அரிக்கும். கடலுக்கு அணித்தான எமது ஊர்களில் உப்புக்காற்றும் இவற்றோடு சேரும். ஆதலின், நாடோறும் வேலை தொடங்குமுன், முதன்மை ஆளியை நிறுத்திவிட்டு, இணைப்புகளைக் கண்ணாற் பார்த்துக் கையால் அசைத்தறிதல் வேண்டும். வயர் சட்டத்தில் உரையுமிடங்களையும் நோக்கவேண்டும்.

ஐயம் எழுந்தால் மானி தீர்க்கும். மானியின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலும் மற்றதை எஞ்சினின் உடலிலும் வைத்து, பிறரொருவரைக் கொண்டு ஸ்ராற்றரை இயக்குக. அரை உவோற்றுக்கு மேற் காட்டுமாயின் மீள்வழியிற் குறையுண்டு. எமது ஊரிற் செய்யப்பட்ட சோதனை இதுவே. மூன்று நாளிற் காணாததை அது சில கணங்களிற் காட்டியது.

பற்றரியைப் பேணல்

ஈயப் பற்றரியைப் பிரான்சு நாட்டவரான பிளாந்தே 1859-இல் ஆக்கினார். இதன் திரவம் தகடுகளை மூடி நிற்றல் வேண்டும்; குறையின் வடித்த நீரே சேர்க்கத்தக்கது; அமிலம் சேர்க்கலாகாது. நிறைய மின்னேற்றியபோது நீரமானியில் திரவத்தின் சாரடர்த்தி 1.26 முதல் 1.28 வரை நிற்கும், 1.20 அளவுக்கு இறங்கின் மின்னேற்ற வேண்டும். ஒரு கலம் மட்டும் ஏனையவற்றிலும் 0.05 குறையுமாயின் அக்கலம் பழுது. மூடிய வகைப் பற்றரிக்கு நீரமானி பயன்படாது; ஓய்ந்திருக்கையில் 12.6 உவோற்று அளவு காட்டுதலே நிறைவின் அடையாளம். எஞ்சின் ஓடுகையில் இரு பற்றரிகளின் கூட்டுவோற்று ஏறத்தாழ 28 ஆக இருப்பின் ஒல்ரனேற்றர் நன்று.

முனைகளிற் பூத்த பொடியை அப்பச்சோடா கரைத்த நீராற் கழுவித் துடைத்து, இறுக்கியபின் பெற்றோலியம் ஜெலி பூசுக. அந்நீர் கலத்துட் புகவிடலாகாது. மின்னேற்றுகையில் ஐதரசன் வாயு வெளிப்படுமாதலின் அருகில் தீயும் பொறியும் ஆகா. வயர்களைக் கழற்றும்போது சட்டத்தோடு சேர்ந்த முனையை முதலிற் கழற்றி, பூட்டும்போது இறுதியிற் பூட்டுக. முறைமாறினால், கையிலுள்ள சாவி சட்டத்தைத் தொட்டவுடன் குறுஞ்சுற்று உண்டாகிக் கையைச் சுட்டுவிடும்.

செய்யத் தகாதன

உருகி எரிந்தால், எரிந்த காரணத்தை ஆராயாது தடித்த கம்பியை இடுதல் தகாது. எஞ்சின் ஓடுகையிற் பற்றரியைக் கழற்றுதல் தகாது. அப்போது எழும் மிகையுவோற்று மின்னணு உறுப்புகளை அழிக்கும். சட்டத்தில் ஒட்டுவேலை செய்யுமுன் பற்றரியையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் பிரித்துவைத்தல் வேண்டும். கழுவும்போது ஒல்ரனேற்றரின் மீது நீரைப் பீய்ச்சலாகாது.

யாவற்றினும் கொடியது காவல் ஆளியை ஏமாற்றுதல். எண்ணெயமுக்கம் குறைந்தால் எஞ்சினை நிறுத்தும் ஆளி அடிக்கடி நிறுத்துகின்றதெனச் சினந்து, அதனை ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவாருளர். எஞ்சின் அன்று ஓடும். பின்னொருநாள் எண்ணெயின்றி இறுகி நிற்கும். அவசர நிறுத்தாளியை இவ்வாறு செய்தால் அழிவது எஞ்சினன்று. சுழலுங் கோலிற் சிக்கியவனின் உயிர். ஆதலின், அவ்வாளியை நாடோறும் அழுத்திச் சோதித்த பின்னரே துளைத்தல் தொடங்குக. கோபுரத்தை நிமிர்த்துமுன் மேலே மின்கம்பி உண்டா என நோக்குக. இடம் பெயருமுன் அதனைத் தாழ்த்துக. பொறியின் மின்தொகுதி எத்துணை நன்றாயினும், மேற்கம்பியைத் தொட்டால் அது காவாது.

முடிவுரை

அன்று எமது ஊரில் நீர் பொங்கியபோது அம்மாணவர் ஒரு கொப்பியை எடுத்து, திகதியும் கண்ட குறையும் செய்த திருத்தமும் எழுதிப் பொறியின் பெட்டியுள் வைத்தார். “அடுத்து வருபவனுக்கு உதவும், சேர்” என்றார். அவருடைய எழுத்தை யாம் உற்று நோக்கினோம். புணரியற் பாடத்தில் அவருக்கு யாம் பலமுறை குறைந்த புள்ளியிட்டதுண்டு. சொல்லுஞ் சொல்லும் சேருமிடத்திற் பிழை விடுகிறார் எனக் கடிந்ததுமுண்டு. இரும்பும் வயரும் சேருமிடத்திற் பிறர் காணாத பிழையைக் கண்டவர் அவரே. மூன்று நாள் ஓர் ஊருக்கு நீரில்லாதிருந்த குறையை அவரறிவு தீர்த்தது. அவரை மந்தன் என எண்ணிய எமது கணிப்பையே திருத்திக்கொள்ள நேர்ந்தது.

கைத்தொழிலிற் சேர்ந்த பழைய மாணவர் பலர் விழாக்களுக்கு வர நாணுகின்றனர் என அறிகின்றோம். அவர்கள் வருதல் வேண்டும். தாமறிந்ததை இளையோர்க்கு உரைத்தல் வேண்டும். கேட்பதற்கு யாம் முன்வரிசையில் இருப்போம்.