பிட்யூட்டரி செல்களோடு பழகப்போகும் பிள்ளைகளுக்கு

வளர்ச்சிக் காரணிகளின் மரபணு வெளிப்பாடு எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று பார்க்க வந்திருக்கிறீர்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1. செல்லின் பூர்வீகம் தெரிந்திருக்கட்டும். ஜிஎச்3 என்ற செல் வரிசை எலியின் பிட்யூட்டரிக் கட்டியிலிருந்து வந்தது; வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின் இரண்டையும் சுரக்கும். ஏடிடி-20 என்ற வரிசை சுண்டெலியிலிருந்து வந்தது, சுரப்பது ஏசிடிஎச் என்ற ஹார்மோன். ஒன்றில் கண்டதை மற்றதன்மேல் ஏற்றாதீர்கள்.

2. கை மெதுவாக இருக்கட்டும். ஜிஎச்3 தட்டில் இறுகப் பிடிக்காது. பிப்பெட் முனையைத் தட்டின் சுவரில் சாய்த்து மீடியத்தை வழியவிடுங்கள். மிதப்பதெல்லாம் செத்த செல் என்று கொட்டிவிடாதீர்கள்.

3. மீடியத்தை முதலில் சந்தேகப்படுங்கள். என் முதல் வருஷத்தில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்த தட்டிலும் கொடுக்காத தட்டிலும் ஒரே அளவுதான் வந்தது. மூன்று மாதம் ஹார்மோன் பொடியைக் குறை சொன்னேன். மீடியத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பீனால் ரெட் லேசாக ஈஸ்ட்ரோஜன் வேலையும் செய்யும் என்று 1986-லேயே அச்சில் வந்திருந்தது, நான் படிக்கவில்லை. நிறமில்லாத மீடியம் வாங்குங்கள். சீரத்தின் ஸ்டீராய்டைக் கரித்தூளால் நீக்குங்கள். சீரத்தில் உள்ள வளர்ச்சிக் காரணிகளும் அதோடு முழுக்கப் போய்விட்டதாக எண்ணாதீர்கள்.

4. ஹார்மோனை எத்தனாலில் கரைத்தீர்களா? கன்ட்ரோல் தட்டுக்கும் அதே அளவு எத்தனால் விடுங்கள்.

5. ஒரே ஒரு நேரப்புள்ளியில் எடுத்த அளவை மட்டும் நம்பாதீர்கள். ஒரு மணி நேரத்தில் ஏறுவது வேறு, மறுநாள் ஏறுவது வேறு. பின்னதற்கு இடையில் இன்னொரு புரதம் உருவாகியிருக்கலாம்.

6. தொட்டியில் தண்ணீர் ஏறினால் குழாயைத் திறந்திருக்கலாம், வடிகாலை அடைத்தும் இருக்கலாம். தூது ஆர்என்ஏவும் அப்படித்தான். ஆக்டினோமைசின்-டி போட்டுப் புது உற்பத்தியை நிறுத்தி, இருப்பது எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று பாருங்கள்.

7. "தூண்டுகிறது" என்று பொதுவாக எழுதாதீர்கள். இதே ஜிஎச் செல்களில் இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி புரோலாக்டினைக் கூட்டும், வளர்ச்சி ஹார்மோனைக் குறைக்கும். எந்த மரபணு, எந்தத் திசை என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

8. தட்டைத் தாண்டியும் நினையுங்கள். ஈஸ்ட்ரோஜன் தொடர்ந்து கொடுத்தால் ஃபிஷர் 344 எலிக்குப் பிட்யூட்டரி வீங்கிக் கட்டியாகும். ஸ்ப்ராக்-டாலி எலி அவ்வளவு எளிதில் வசப்படாது. ஹார்மோன் ஒன்றே, கேட்கும் உடம்பு வேறு.

9. சீரம் புட்டியின் லாட் எண்ணை அன்றன்றே நோட்டில் எழுதுங்கள். நீங்கள் கொடுத்ததற்கு மட்டுமல்ல, முன்பே குடித்துக்கொண்டிருந்ததற்கும் சேர்த்துத்தான் செல் பதில் சொல்கிறது.