கோல்ஃப் ஆட்டத்தில் வீச்சுத் திருத்தம்

மக்கள் பயிலும் பந்தாட்டங்கள் பலவற்றுள் கோல்ஃப் ஒரு வகையால் தனித்து நிற்பது. கிரிக்கெட்டிலும் டென்னிஸிலும் பந்து நம்மை நோக்கி விரைந்து வருகின்றது. அதனை அனுப்புவோன் நம்மை ஏமாற்ற முயல்கின்றான். ஆதலின் அடி தவறினால் எதிரியின் திறமையைக் காரணங்கூறி ஒருவாறு அமைதி பெறலாம். கோல்ஃப் பந்தோ புல்லின்மீது அசைவற்றுக் கிடப்பது. நன்கு நிலைகொண்டு நின்று அடித்த பின்னரும் அது வேறிடம் செல்லுமாயின், பிழை யாருடையது? ஐயமின்றி நம்முடையதே. பொழுதுபோக்காக இவ்வாட்டத்தைப் பயில்வோர் தம் வீச்சைத் திருத்திக்கொள்ளும் நெறி யாதென்பதை இங்குச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் குறை இன்னதென அறிதல் வேண்டும். வலக்கைப் பழக்கமுடையோரிடத்து மிகுதியாகக் காணப்படுவது, பந்து செல்லச் செல்ல வலப்புறம் வளைந்து போதலாம். இதனை ஸ்லைஸ் என்பர். மட்டை பந்தைத் தீண்டி நிற்பது ஒரு நொடியின் 2000 கூற்றில் ஏறக்குறைய ஒரு கூறே. அக்கணத்தில் மட்டையின் முகம் எத்திசை நோக்கியுள்ளதோ, பெரும்பாலும் அத்திசையிலேயே பந்து புறப்படும். பின்னர் அது வளைவது, முகம் நோக்கிய திசையும் மட்டை சென்ற வழியும் தம்முள் மாறுபடுவதனால். மட்டை இடப்புறமாகக் குறுக்கே சென்று, அதன் முகம் அவ்வழிக்கு வலப்புறம் திறந்திருப்பின், பந்து சாய்ந்து சுழன்று வலப்புறம் வளைகின்றது.

இனி, பயில்வோர் தாமே செய்துகொள்ளும் பரிகாரத்தைக் காண்க. பந்து வலப்புறம் போகின்றதே எனக் கருதி, அவர் இடப்புறம் திரும்பி நின்று, இன்னும் இடப்புறமாகவே வீசுகின்றார். அதனால் வழிக்கும் முகத்துக்கும் உள்ள மாறுபாடு பெருகுகின்றது, வளைவும் பெருகுகின்றது. மருந்தே நோயை வளர்த்தவாறாம்.

உண்மைப் பரிகாரம் இரண்டு. ஒன்று, பிடி. மட்டையைப் பற்றி நின்று குனிந்து நோக்குங்கால், இடக்கையின் விரல் முட்டிகள் இரண்டேனும் கண்ணுக்குத் தோன்றுதல் நலம். ஒன்றும் தோன்றாவாறு கை இடப்புறம் திரும்பியிருப்பின், அடிக்கும்பொழுது முகம் திறந்துவிடும். மற்றொன்று, வீச்சின் ஒழுங்கு. மேலே சென்ற மட்டை கீழ்நோக்கித் திரும்புங்கால் முதலில் இயங்கவேண்டுவது இடுப்பு, அதன்பின் மார்பும் தோளும், அவற்றின்பின் கைகள், இறுதியில் மட்டை. சாட்டையின் பிடி சிறிதே அசைய, அதன் நுனி பெருவிரைவு கொள்ளுமன்றோ? ஈண்டும் அவ்வாறே. பந்தை நெடுந்தொலைவு அனுப்பும் ஆசையால் பயில்வோர் தோளையும் கையையும் முதலிற் பாய்ச்சுகின்றார். மட்டை வெளியே தள்ளப்பட்டுக் குறுக்கே இறங்குகின்றது. இடுப்பளவே மட்டையை உயர்த்தி, மெல்ல வீசிப் பல நாள் பழகுதலே இதற்குத் தக்க பயிற்சி.

மற்றுமொரு மயக்கம் உண்டு. பந்து மேலே எழவேண்டும் என்று அதனைக் கீழிருந்து அள்ளப் பார்ப்பர் சிலர். இரும்பு மட்டையின் முகம் பின்சாய்வாக அமைந்துள்ளமையின், பந்தை எழுப்பும் வேலை அச்சாய்வினுடையதே. மட்டை இறங்கி முதலிற் பந்தையும் பின்னர்ப் புல்லையும் தீண்டுமாயின் பந்து தானே எழும். அள்ள முயல்வோர் பந்துக்குப் பின்னுள்ள மண்ணையே அடிப்பர்.

இவ்வளவும் அறிந்த பின்னும் திருத்தம் அரிதாயிருப்பது ஏன்? சென்ற விடுமுறையில் நண்பர் ஒருவரிடம் மட்டையை இரவல் பெற்று நாமும் இதனைப் பயின்றோம். தோள் முந்துகின்றது என்று அவர் பலமுறை கூறினார். இடுப்பையே முதலில் திருப்புகின்றோம் என்று நாம் வாதாடினோம். முடிவில் அவர் நம் வீச்சைக் கைப்பேசியிற் படம்பிடித்துக் காட்டினார். தோளே முந்திப் பாய்ந்தது! நாணித் தலைகுனிந்தோம். கீழ்நோக்கிய வீச்சு ஏறக்குறையக் கால் நொடியில் முடிந்துவிடுகின்றது. அதற்குள் உடல் செய்வதை உள்ளம் அறியமாட்டாது. தான் விரும்பியதையே உடல் செய்ததாக எண்ணிக்கொள்ளும். ஆதலின் பிறர் கண்ணேனும் கருவியின் கண்ணேனும் நமக்கு இன்றியமையாதது.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தவரான பாபி ஜோன்ஸ் என்பார், பொருள் கருதாது விருப்பம் ஒன்றே பற்றி ஆடியவர். 1930-ஆம் ஆண்டில் பிரிட்டன், அமெரிக்கா ஆகிய இருநாட்டுப் பெரும்போட்டிகள் நான்கிலும் வென்றவர். அத்தகையாரும் இளமையில் ஸ்டூவர்ட் மெய்டன் என்னும் ஸ்காட்லாந்து ஆட்டக்காரரின் வீச்சைக் கண்டு கண்டு பழகியவரே. 1925-இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் அடிக்க நின்றபொழுது, தம் பந்து சிறிது அசைந்தது எனக் கூறித் தம்மேல் தாமே ஓர் அடி தண்டமாக ஏற்றுக்கொண்டார் அவர். பிறர் எவரும் அவ்வசைவைக் கண்டிலர். முடிவில் வில்லி மக்ஃபார்லேன் என்பாருடன் சமநிலை எய்தி, மறு ஆட்டத்தில் தோற்றார். அவ்வோர் அடி இல்லையேல் வெற்றி அவரதே.

பிறர் காணாத பிழையை அவர் தாமே எடுத்துரைத்தார். பிறர் கண்டு காட்டிய பிழையையும் நாம் மறுத்து நின்றோம். பிடியும் ஒழுங்கும் சில திங்களிற் கைவரலாம். நம் பிழையை நம்முடையதென ஒப்பும் மனம் வாயாதவழி அவை நிலைபெறா. ஆதலின் மட்டையைக் கையிலெடுக்கும் நண்பர்கள், திருத்துவார் சொல்லுக்கு முதலிற் செவிகொடுப்பாராக.