கொல்லையில் ஒரு காய்கறித் தோட்டம்

வீட்டின் பின்புறத்தே சிறிது நிலம் இருப்பின், அதில் காய்கறிகளைப் பயிரிட்டு உண்ணுதல் தமிழகத்தில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். அந்நிலத்தைக் கொல்லை என்றும் புழக்கடை என்றும் கூறுவர். ஆடித் திங்களில் ஒரு மழை பெய்ததும் பலர் ஆர்வத்துடன் விதைகளை ஊன்றுகின்றனர். ஆயின், அவற்றுள் பல முளைத்து, நான்கு இலை விட்டு, வாடிப்போகின்றன. விதை பழுது என்பர் சிலர். கைராசி இல்லை என்பர் வேறு சிலர். பெரும்பாலும் பழுது விதையிலும் இல்லை, கையிலும் இல்லை, பண்படுத்தப்படாத மண்ணிலேயே உள்ளது. தோட்டத்தின் விளைவு, விதைக்கும் நாளுக்கு முன்னரே பெரிதும் முடிவாகிவிடுகிறது.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது பழமொழி. பட்டம் என்பது விதைப்பதற்கு உரிய பருவம். ஜூலைத் திங்களின் நடுவில் ஆடி பிறக்கிறது. அப்பொழுது கோடையின் கடுமை தணியத் தொடங்கும். அப்பட்டத்தில் ஊன்றிய செடி, ஐப்பசி, கார்த்திகையில் வரும் பெருமழைக்கு முன்னரே வேரூன்றி வலிமை பெறும். நாட்டு அவரை வகைகள் பல, பகற்பொழுது குறுகும் காலத்திலேயே பூக்கும் இயல்பின. ஆடியில் விதைத்த அவரை மார்கழி, தைத் திங்களில் கொத்துக் கொத்தாய்க் காய்ப்பது இதனாலேயே. ஆடியில் விதைக்க விரும்புவோர் வைகாசியிலும் ஆனியிலுமே பணியைத் தொடங்குதல் வேண்டும்.

முதற்கண் இடத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் வெயில் படாத இடத்தில் காய்ச்செடிகள் செழிப்பதில்லை. பெருமரத்தின் அருகே அமைக்கும் தோட்டத்தில், மரத்தின் நிழல் வெயிலையும், அதன் வேர் நீரையும் கவர்ந்துகொள்ளும்.

அடுத்த பணி மண்ணைக் கொத்துதல். கோடை மழையால் நிலம் சற்று நெகிழ்ந்திருக்கும்பொழுது, மண்வெட்டியால் ஓர் அடி ஆழம் கொத்திப் புரட்டி, கட்டிகளை வெயிலில் காயவிடுதல் நன்று. புல்லின் வேர்கள் உலர்ந்து மடியும். மண்ணுள் மறைந்திருக்கும் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் வெளிப்பட்டு, மைனா முதலிய பறவைகளுக்கு இரையாகும். ஒரு பலம் புழுதி கால் பலமாகுமாறு உழுது காயவிட்டால், ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் செழிக்கும் என்று திருக்குறளின் ‘உழவு’ என்னும் அதிகாரம் கூறுகிறது. அடுத்த குறளோ, உழுவதைக் காட்டிலும் எரு இடுதல் நன்று என்கிறது. மண்ணைக் காயவிடுதலும் எருவிடுதலும் ஒன்றையொன்று நிறைவு செய்வன.

எருவைக் காசு கொடுத்தே வாங்க வேண்டும் என்பதில்லை. கொல்லையின் ஒரு மூலையில் குழி வெட்டி, உதிர்ந்த இலை, காய்கறித் தோல், சாணம் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காயாமல் தெளித்து, அவ்வப்பொழுது கிளறிவர வேண்டும். காற்றும் ஈரமும் கிடைத்தால் நுண்ணுயிர்கள் மூன்று, நான்கு திங்களில் அவற்றை மக்கச் செய்யும். நன்கு மக்கிய எரு, மழையில் நனைந்த மண் போல மணக்கும். மக்காத சாணத்தை இடுதல் தீது. அதன் வெப்பம் இளவேரைக் கெடுக்கும். கறையானையும் வேர்ப்புழுவையும் அது வரவழைக்கும்.

மக்கிய எரு களிமண்ணை நெகிழச் செய்யும். மணற்பாங்கான மண்ணில் ஈரத்தைத் தங்கச் செய்யும். அஃதுள்ள இடத்தில் மண்புழுவும் பெருகும். இங்கிலாந்து நாட்டு அறிஞர் சார்லஸ் டார்வின், 1881-ஆம் ஆண்டில் மண்புழுக்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். அந்நாட்டின் பல பகுதிகளில், ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுதோறும் 10 டன்னுக்கு மேற்பட்ட மண் அவற்றின் உடல் வழியே சென்று மேலே வருகிறது என அவர் கணக்கிட்டார். உழவருக்கு உதவும் ஓசையற்ற ஏர் அன்றோ அது!

எருவிட்ட பின் பாத்தி அமைத்தல் வேண்டும். பாத்தி நான்கு அடி அகலம் இருந்தால், இரு புறமும் நின்று களை எடுக்கலாம். கொத்திய மண்ணை மிதித்து இறுகச் செய்ய நேராது. கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றை ஆனியிலேயே சிறு நாற்றங்காலில் விதைத்தல் வேண்டும். தக்காளி நாற்று ஏறத்தாழ 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும் நடவுக்கு ஏற்றதாகும். மிளகாய்க்கு இன்னும் சில நாள் தேவை. வெண்டை, அவரை, பாகல், புடலை, பீர்க்கு ஆகியவற்றை நேரே ஊன்றலாம்.

சென்ற முறை கத்தரி நின்ற பாத்தியில் மீண்டும் கத்தரியோ, அதே குடும்பத்தைச் சார்ந்த தக்காளியோ மிளகாயோ நடுதல் ஆகாது. பழைய நோய் புதிய செடியையும் பற்றும். அவ்விடத்தில் அவரை, கொத்தவரை போன்றவற்றை விதைத்தால், அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றித் தரும்.

ஒருவர் நாள்தோறும் 400 கிராம் காய்கனிகளேனும் உண்ணுதல் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகிறது. காய்கறி விலை ஏறும்பொழுது, எளிய குடும்பங்களில் முதலில் குறைவது தட்டிலுள்ள காயே. அக்குறையைக் கொல்லை முற்றும் தீர்க்காது போயினும், பெரிதும் தணிக்கும். ஆடி மழை ஒரு தெருவின் எல்லாக் கொல்லைகளிலும் ஒரே அளவாகவே பெய்கிறது. இறுகிய மண்ணில் அது வழிந்தோடுகிறது. பண்பட்ட மண்ணிலோ தங்கிப் பூவாகவும் காயாகவும் மாறுகிறது.