பணியிடக் காயமும் இழப்பீட்டு உரிமையும்: முதல் நாளிலேயே அறிய வேண்டியவை

2025ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், காட்டுப்பள்ளியில் தொழிலாளர் குடியிருப்பின் மாடிப்படியிலிருந்து தவறி விழுந்து உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அவர் குடும்பத்துக்கு இழப்பீடு வேண்டும் என்று உடன் பணிபுரிந்தோர் திரண்டனர். அது கல்வீச்சிலும் கண்ணீர்ப்புகையிலும் முடிந்தது. அதே மாதம் 30ஆம் நாள், எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களின் குடும்பங்களுக்கு அரசுகள் நிவாரணம் அறிவித்தன.

நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு. நிவாரணம் அரசு மனமுவந்து அளிப்பது. இழப்பீடு சட்டம் தரும் உரிமை. முன்னதைப் பெற்றதால் பின்னது அற்றுப்போவதில்லை. இந்த உரிமையைக் கல்லெறிந்து பெற இயலாது. காகிதத்தைக் கொண்டே பெற முடியும். அந்தக் காகிதங்களில் முதலாவது மருத்துவமனையில்தான் எழுதப்படுகிறது என்பதால், மருத்துவர்களாகிய நாங்கள் இதைப் பற்றிப் பேசக் கடமைப்பட்டுள்ளோம்.

விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறது?

காயமுற்ற தொழிலாளியை எங்களிடம் அழைத்து வருபவர் பல நேரங்களில் மேற்பார்வையாளரே. “அறையில் வழுக்கி விழுந்துவிட்டார்” என்று அவர் கூறுவார். வலியாலும், வேலை போய்விடுமோ என்ற அச்சத்தாலும், மொழி தெரியாமையாலும் நோயாளி தலையசைப்பார். அதுவே பதிவாகிவிடும். மாதங்கள் கழித்து அவருடைய மனைவி வந்து, “வேலை செய்யும்போதுதான் விழுந்தார், மாற்றி எழுதித் தாருங்கள்” என்று கேட்கும்போது, முதல் நாள் பதிவை மாற்ற எங்களுக்கு அதிகாரம் இல்லை. நோயாளியைத் தனியே அழைத்து, அவருக்குப் புரியும் மொழியில் கேட்டிருக்க வேண்டும் என்று நாங்கள் வருந்திய தருணங்கள் உண்டு.

ஆகவே எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்யும்போது, எப்படி அடிபட்டது என்பதை உள்ளபடியே கூறுங்கள். இல்லாததையும் சேர்க்க வேண்டாம். மிகைப்படுத்திய கூற்று பின்னர் உங்களுக்கே எதிராகும். நினைவிழந்து வந்தவர் தெளிந்ததும், தாமே விவரம் கூறிப் பதியுமாறு கேட்கலாம். விபத்துப் பதிவேட்டின் நகல், காயச் சான்றிதழ், எக்ஸ்ரே படங்கள், மருந்து ரசீதுகள், வீடு திரும்பும்போது தரப்படும் சிகிச்சைச் சுருக்கம் ஆகிய அனைத்தையும் பாதுகாத்து வையுங்கள். இறப்பு நேர்ந்தால் முதல் தகவல் அறிக்கையும் உடற்கூறாய்வு அறிக்கையும் இன்றியமையாதவை. வேலை அடையாள அட்டை, வருகைப் பதிவு, ஊதியம் வரவான வங்கிக் கணக்கு ஆகியவை அவர் அங்கே பணிபுரிந்தார் என்பதற்குச் சான்றாகும்.

சட்டம் கூறுவது

1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி, பணியின் காரணமாகவும் பணியின்போதும் நேர்ந்த விபத்துக்கு முதலாளியே பொறுப்பு. முதலாளியின் தவறு என்று மெய்ப்பிக்க வேண்டிய தேவையில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த அடிப்படை தொடர்கிறது. வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தை, பணியோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், பணி விபத்தாகவே கொள்ள வேண்டும் என்று புதிய தொகுப்பு தெளிவுபடுத்துகிறது. பழைய சட்டத்துக்கும் அதே பொருளையே 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. நிறுவனம் அளித்த குடியிருப்பில் நேரும் விபத்துக்கும் இந்தத் தொடர்புதான் அடிப்படைக் கேள்வி. அங்கே தங்குவது கட்டாயமா, எந்த நேரத்தில், எதற்காகச் சென்றபோது விழுந்தார் என்னும் விவரங்களே விடையைத் தீர்மானிக்கும்.

ஒப்பந்ததாரர் தலைமறைவானாலும் உரிமை அழிவதில்லை. தன் தொழிலுக்காக ஒப்பந்ததாரரை அமர்த்திய முதன்மை நிறுவனத்திடமும் இழப்பீடு கோரலாம்.

தொகை எவ்வளவு?

கணக்கிற்கு எடுத்துக்கொள்ளும் மாத ஊதியத்தின் உச்சவரம்பு 2020ஆம் ஆண்டில் 15,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. இறப்புக்கு அதில் பாதியை, வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 30 வயதுக்குரிய காரணி 207.98; எனவே தொகை 15,59,850 ரூபாய். நிரந்தர முழு இயலாமைக்கு ஊதியத்தில் 60 விழுக்காடு கணக்கிடப்படும். உறுப்பு இழப்புக்கு அட்டவணைப்படி விழுக்காடு உண்டு. கட்டைவிரல் இழப்பு 30 விழுக்காடு. அதே வயதினருக்கு அது 5,61,546 ரூபாய். சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவையும் முதலாளி ஈடுசெய்ய வேண்டும். தொகை உரியதான ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிடில் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி சேரும். தகுந்த காரணமின்றித் தாமதித்தால் 50 விழுக்காடு வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்களுக்கு வழி வேறு. அவர்கள் இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் கோர இயலாது. இயலாமைக்கான உதவித்தொகையும், இறந்தால் குடும்பத்துக்கான ஓய்வூதியமும் இ.எஸ்.ஐ. அலுவலகத்தின் வழியே கிடைக்கும். பணியின்போது கன்டெய்னர் லாரி போன்ற வாகனத்தால் அடிபட்டவர், மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தையோ இழப்பீட்டு ஆணையரையோ தேர்ந்தெடுக்கலாம். இரண்டிலும் பெற இயலாது. தீர்ப்பாயத்துக்குச் சட்டம் வகுத்த காலவரம்பு 6 மாதங்களே.

கடனும் கையொப்பமும்

துயர வேளையில் இரண்டு வலைகள் விரிக்கப்படுவதுண்டு. ஒன்று, ரொக்கமாகச் சிறு தொகை தந்து “இனி எதுவும் கோரமாட்டோம்” என்று கையொப்பம் வாங்குவது. உரிமையை விட்டுக்கொடுக்கும் அத்தகைய ஒப்பந்தம் செல்லாது. இறப்புக்கான இழப்பீட்டை ஆணையரிடம் செலுத்த வேண்டும் என்பதே சட்டம். ஆயினும் வெற்றுத்தாளில் கையொப்பமிடவோ கைநாட்டு வைக்கவோ வேண்டாம்.

மற்றொன்று கடன். இழப்பீட்டுத் தொகையைக் கடனுக்காகப் பறிமுதல் செய்யச் சட்டம் இடந்தரவில்லை. வட்டிக்குக் கொடுத்தவரோ, முன்பணம் தந்த ஒப்பந்ததாரரோ அதில் கைவைக்க முடியாது.

எங்கே செல்வது?

தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராகச் செயல்படும் அதிகாரியிடம், விபத்து அல்லது இறப்பு நிகழ்ந்த 2 ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும். விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, குடும்பம் வாழும் ஊரின் ஆணையரிடமும் அளிக்கலாம். பிகாரிலோ ஒடிசாவிலோ உள்ள தாய் இதற்காகச் சென்னைக்கு வந்து காத்திருக்க வேண்டியதில்லை. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையெனில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். தொழிலாளர்களும் பெண்களும் அங்கே இலவச உதவி பெறத் தகுதியுடையோர். தொலைபேசி எண் 15100.

உங்கள் படுக்கையருகே நாங்கள் வரும்போது, காயம் எப்படி நேர்ந்தது என்பதை எங்களிடம் அஞ்சாமல் கூறுங்கள். உடனிருப்பவர் முன் பேசத் தயக்கமெனில், தனியே பேச வேண்டும் என்று கேளுங்கள். புண்ணை ஆற்றுவதைப் போலவே, நடந்ததை நடந்தபடி எழுதுவதும் எங்கள் கடமையே.