கடைசி ராத்திரி ஏதென்ஸில்

ஆகஸ்டில் கிரேக்கத் தீவுக்குப் போகிறவர்கள், ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின ராத்திரி ஏதென்ஸுக்கு வந்து படுங்கள். தீவில் வேண்டாம். இதை நான் கிளம்புவதற்கு முன்பே சொன்னேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தேதியோடு இருக்கிறது. "ஒரு நாள் பீச்சை எதுக்கும்மா வேஸ்ட் பண்ணணும்?" என்று பதில் போட்டவர் என் நாத்தனார் வீட்டுக்காரர். ஜெர்மனியில் இருக்கிறார். ஐரோப்பா விஷயத்தில் எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது மட்டும் நான். நக்ஸோஸ் தீவில் அகியோஸ் ப்ரோகோபியோஸ். "சாண்டோரினி போகாம கிரீஸா?" என்று இன்றுவரை கேட்கிறார்கள். எனக்கு வேண்டியது குளிக்கக் கடல். சாண்டோரினி போட்டோவில் வரும் வெள்ளை வீடுகள் எரிமலை வாயின் விளிம்பில், மலை உச்சியில் இருக்கின்றன. கடலில் கால் நனைக்கத் தீவின் மறுபக்கம் கமாரிக்கோ பெரிஸாவுக்கோ போய்க் கருமணலில் சூடு தாங்க வேண்டும். நக்ஸோஸ் கிக்ளாதீஸ் தீவுகளிலேயே பெரியது. உருளைக்கிழங்குக்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர் போனது. சுற்றுலாப் பயணி வராவிட்டாலும் சோறு உண்டு. துறைமுகமான சோராவிலிருந்து ஊர் ஐந்தாறு கிலோமீட்டர், பஸ் இருக்கிறது. வெள்ளைச் சந்துகள், பழைய கோட்டை எல்லாம் சோராவில்தான். ப்ரோகோபியோஸ் வருகிறவர்களுக்காகவே வளர்ந்த ஊர். ரூம், டவர்னா என்கிற சாப்பாட்டுக் கடை, மினி மார்க்கெட், வரிசையாகக் குடை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மணல் பருமணல், உதறினால் உதிர்ந்துவிடும், ரூம் வரை கூட வராது. கழுத்தளவு தண்ணீரில் நின்றால் கால் நகம் தெரிகிறது. என் மாமியாரே புடவையைச் செருகிக்கொண்டு முழங்கால் வரை இறங்கினார்.

இந்தக் கடல்தான் எங்களை ஏமாற்றியது. நமக்கு ஆடிக் காற்று மாதிரி ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில் மெல்தேமி என்று வடக்குக் காற்று. பால்கன் பக்கம் காற்றழுத்தம் ஏறி, துருக்கிப் பக்கம் இறங்கும்போது இடையில் அடித்துக்கொண்டு வரும். மேகம் இருக்காது, மழை இருக்காது. பளிச்சென்ற வெயிலில் நாள்கணக்காக வீசும். ப்ரோகோபியோஸ் மேற்குக் கரையில் இருக்கிறது. வடக்கே ஸ்டெலிதா குன்று காற்றைத் தடுத்துவிடுகிறது. (பழைய கற்கால மனிதர்கள் கல்லாயுதம் செதுக்கிய குன்று அது.) ஆகவே நம் முன்னால் கடல் அலையில்லாமல் படுத்திருக்கும், முனையைத் தாண்டி, பாரோஸுக்கும் நக்ஸோஸுக்கும் நடுவில், வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருக்கும். "காத்து அதிகமாயிருக்கு, கப்பலைப் பாருங்கண்ணா" என்றேன் நாத்தனார் வீட்டுக்காரரிடம். "அலையே இல்லையே" என்று கடலைக் காட்டினார்.

அவர் திட்டம் இது. மதியம் ரஃபினாவுக்கு அதிவேகக் கேடமரான், ராத்திரி விமானம். ரஃபினா ஏதென்ஸ் ஏர்போர்ட்டுக்குப் பக்கம் என்பது அவர் கண்டுபிடிப்பு. பக்கம்தான், தரைவழி சரி. கடல்வழியில் ஆந்த்ரோஸுக்கும் எவியாவுக்கும் இடையிலுள்ள காவோ தோரோ ஜலசந்தியிலிருந்து வரும் காற்றும் அலையும் அந்தப் பக்கத்துக் கடலைத்தான் முதலில் பிடிக்கும். அதோடு காற்று ஏறினால் கடலோரக் காவல்படை முதலில் நிறுத்துவது அதிவேகப் படகுகளை. கார், லாரி ஏற்றும் பெரிய கப்பல்கள் அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் ஓடும். ஏதென்ஸின் பெரிய துறைமுகமான பிரேயஸுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று அவர் கேலி செய்த கப்பல் அதுதான்.

கேடமரான் ரத்து என்று முந்தின நாள் சாயங்காலமே மெசேஜ் வந்துவிட்டது. யார் போனுக்கு? புக்கிங்கில் கொடுத்திருந்த ஜெர்மனி நம்பருக்கு. அந்த போன் ரூமில் சார்ஜில் இருந்தது. அவர் டவர்னாவில் ஆக்டபஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலையில் பார்த்துவிட்டுத் துறைமுகத்துக்கு ஓடினோம். ரத்தான டிக்கெட்டுக்காரர்கள் எல்லாரும் ராத்திரியே பெரிய கப்பலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கவுன்டரில் இருந்த பெண் ஒன்றும் பேசாமல் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். அன்றைக்குப் போன கப்பல்களுக்கு நேரே எல்லாம் பூஜ்யம்.

இத்தனைக்கும் அது ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரம். நாம் சுதந்திர தின லீவைச் சேர்த்துக் கிளம்புகிறோம். கிரேக்கர்களுக்கு அதே நாள் மாதா திருநாள், ஏதென்ஸ் பாதி காலியாகித் தீவுகளில் இருக்கும். தீவில் சின்ன ஏர்போர்ட் உண்டு, சின்ன விமானங்கள்தான் இறங்கும். அந்த வாரத்தில் ஸீட்டை மறந்துவிடுங்கள். கண்ணெதிரே பெரிய கப்பல் வந்து, பின்பக்கம் திரும்பி, பலகையை இறக்கி, சில நிமிஷத்தில் ஏற்றிக்கொண்டு போயிற்று.

காற்றுக்காக ரத்தானால் கப்பல் டிக்கெட் காசு திரும்ப வரும், இல்லாவிட்டால் அடுத்த கப்பலில் இடம் தருவார்கள். தவறிய விமானத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை. அவருக்கு மறுநாள் ஜெர்மனி விமானம் பஸ் டிக்கெட் விலையில் கிடைத்தது. எங்களுக்கு வளைகுடா வழியாகச் சென்னைக்குக் கடைசி நேர டிக்கெட். குழந்தைகள், மாமியார் உட்பட எல்லாருக்கும். ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ இன்ஷூரன்ஸ் மருத்துவச் செலவுக்கானது. விமானம் தவறினால் தருமா என்பதைப் பாலிசியில் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள். எங்களுடையதில் அந்த வரி இல்லை. "இயற்கை, யார் என்ன பண்ண முடியும்?" என்றார் அண்ணா. அன்றைக்குக் கப்பல் ஏறிப் போனவர்களுக்கும் அதே இயற்கைதான்.

மற்றதெல்லாம் சுலபம். கார் எடுப்பதானால் நம் லைசென்ஸோடு இன்டர்நேஷனல் பெர்மிட்டும் வேண்டும், ஆர்.டி.ஓ.வில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹோட்டல் பில்லுக்கு மேல் அரசுக் கட்டணம் தனி; 2025 முதல் சீசனில் 3 நட்சத்திர ஹோட்டலுக்கு ராத்திரிக்கு, ரூமுக்கு 5 யூரோ. குடைக்காரர் விரட்டினால் பயப்பட வேண்டாம், கடற்கரை பொதுச்சொத்து, துண்டை விரித்து உட்காரலாம். டாய்லெட்டில் பேப்பரைப் போடாதீர்கள், பக்கத்துக் கூடையில்தான்.

சைவக்காரர்களை "பிரெட்டும் சீஸும் சாப்பிட்டுக்கோங்க" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மஞ்சள் பருப்பை மசித்து எண்ணெய் ஊற்றிய ஃபாவா, தக்காளிக் குழம்பில் பெரிய மொச்சை, அடுப்பில் வெந்த கொண்டைக்கடலை, நக்ஸோஸ் உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் கிடைக்கும். என் மாமியார் ஒரு வேளைகூடப் பட்டினி இல்லை. அரிசி அடைத்த தக்காளி, குடைமிளகாயில் கொத்துக்கறி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். அவர்களுடைய நோன்புச் சாப்பாட்டை நம்பியும் வாங்காதீர்கள். அதில் இறாலும் ஆக்டபஸும் சேர்த்தி.

டிக்கெட்டுக்கு வருகிறேன். பிரேயஸ் போகும் பெரிய கப்பலாகப் பார்த்து, விமானத்துக்கு முந்தின நாள் காலையில் போடுங்கள். முந்தின தீவுகளிலிருந்தே நிரம்பி வரும் என்பதால் நம்பர் போட்ட ஸீட்டாக வாங்குங்கள், வயசானவர்களை டெக்கில் உட்கார வைக்க முடியாது. பிரேயஸிலிருந்து ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ 2022-லிருந்து நேராகவே ஓடுகிறது, 9 யூரோ. ரஃபினாவின் ஒரே பெருமையும் அதோடு போயிற்று. போன் நம்பர் என்ற கட்டத்தில் உங்கள் நம்பரைப் போடுங்கள். குரூப்பில் யார் புக் பண்ணினாலும் சரி, உங்கள் நம்பர்.